ஏலே, இங்கன தூங்கப்படாது

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மழையில் நனைந்தவை. கண்ணாடிக் கதவு திறந்தபோதெல்லாம் உள்ளிருந்து ஏசி காற்று வந்தது. கூடவே ஈரக் கம்பளத்தின் வாடை, பல பேருடைய கால்களின் வாடை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் நீ வந்து பக்கத்தில் நின்றாய்.

இல்லாமல் போனவர்களை மல்லிகையும் ஊதுபத்தியும் திருப்பிக் கொண்டுவரும் என்று கவிதைகளில் படித்திருக்கிறோம். உன்னைக் கொண்டுவந்தது கால் நாற்றம். தெரிந்தால் சிரிப்பாய்.

இது ரயில் ஜங்ஷன் பக்கம் நான் புதிதாகச் சேர்ந்திருக்கும் கம்பெனி. இங்கேயும் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். வண்ணார்பேட்டையில், பாத்திரக் கடை மாடியில், அண்ணாச்சியின் அலுவலகத்தில் நாம் இருவரும் முதல் நாள் வெறுங்காலோடு நின்றது இப்படி ஒரு கம்பளத்தின் மேல்தான். பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்து, ஒரே இடத்தில் வேலைக்கும் சேர்ந்திருந்தோம். உன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே சன்னமாகச் சொன்னாய்.

"செருப்பத்தான லே கழட்டச் சொல்லுதாரு. மண்டைய அப்படியே உள்ள கொண்டுவரலாம் போல."

அண்ணாச்சி நம் முதலாளி. வயலை விற்றுக் கம்பெனி தொடங்கியவர். எப்போதோ இயற்பியல் படித்தவர். வெள்ளிக்கிழமைகளில் எல்லா மானிட்டருக்கும் அவர் கையாலேயே சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவார். சந்தனம் காய்ந்து கீபோர்டுக்குள் உதிரும். திங்கட்கிழமை அதைத் தலைகீழாகத் தட்டுவது நம் வேலை. தட்டும்போது முடி விழும், நகத் துண்டு விழும், முறுக்குத் துணுக்கு விழும். நீ அவற்றை ஒரு தாளில் கூட்டி எடுப்பாய். முகம் சுளிக்காமல் எடுப்பாய். உனக்கு அருவருப்பு வேறு இடத்தில் இருந்தது.

அந்த இடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஆழ்வார்திருநகரி தாண்டி ஏரல் போகிற வழியில் ஓர் அரிசி ஆலை. அவித்த நெல்லை டிரையரில் காயவைப்பார்கள். உமி அடுப்பின் சூடு குழாய் வழியாக வரும். சூடு மீறிப் போனால் மணி அடிக்க வேண்டும். அதற்கு ஒரு கம்ப்யூட்டரும் அதில் செருகிய ஒரு கார்டும் அமைத்துக் கொடுப்பது நம் கம்பெனியின் வேலை. கார்டு சூட்டை அளந்து ஓயாமல் கம்ப்யூட்டரைக் கூப்பிடும். கூப்பிட்டவுடன், எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து அவற்றை ஓட்டும் கெர்னல், நடந்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்த அழைப்பைக் கவனிக்கும். கவனிக்கிற அந்தத் துண்டு நிரலை எழுதியவர் அண்ணாச்சி. வாழ்க்கையில் அவர் எழுதி முடித்த நிரல் அது ஒன்றுதான்.

அதில் ஒரு வரி தப்பு.

அந்த வரி கெர்னலிடம் நினைவகம் கேட்டது. இருந்தால் கொடு, இல்லாவிட்டால் கிடைக்கும்வரை தூங்குகிறேன் என்கிற விதத்தில் கேட்டது. சாதாரண வேலைகள் அப்படிக் கேட்கலாம். ஒதுங்கித் தூங்கலாம். கெர்னல் பிறகு எழுப்பிவிடும். குறுக்கே வந்த அழைப்பைக் கவனிக்கிற நிரலுக்கு அந்த உரிமை கிடையாது.

ஏன் கிடையாது என்பதை நீ எனக்குச் சொன்னது சலூனில். ஞாயிற்றுக்கிழமை. உனக்குப் பாதி சவரம் ஆகியிருந்தது. பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் இருந்து குரல் வந்தது, சலூன்காரருக்குப் போன் என்று. கத்தியை மடக்கி வைத்துவிட்டுப் போனார். உன் ஒரு கன்னத்தில் நுரை. மறு கன்னம் பளபளப்பு. கண்ணாடிக்குள் இருந்த என்னைப் பார்த்துப் பேசினாய்.

"இப்ப நான்தான் பாதியில நிக்கிற வேலை. அவரு போயி ஒரு வார்த்த பேசிட்டு ஓடியாரணும். அங்கன பெஞ்சுல படுத்துத் தூங்கிட்டாருன்னு வையி. என் கதி என்ன? பின்னால உக்காந்திருக்கவங்க கதி என்ன?"

"நீ போயி எழுப்பு."

"எப்படி லே எந்திரிக்க? கழுத்துல துண்டக் கட்டிப் போட்டுட்டுல்லா போயிருக்காரு."

பின் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். "தம்பி, அவரு தூங்கமாட்டாரு. மச்சினங்கிட்ட சண்டை போடுதாரு. பைய வருவாரு."

அன்று சிரித்தோம். திங்கட்கிழமை சிரிக்கவில்லை. நீ அண்ணாச்சியிடம் போய் அந்த வரியைக் காட்டினாய். அவர் வாயில் வெற்றிலை. துப்புவதற்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளர் மேசை மேலேயே இருக்கும். அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"இத்தன மாசமா ஓடுது. ஒண்ணும் ஆகலையே வே."

"நம்ம ஆபீஸ் மிஷின்ல மெமரி கூடுதலா இருக்கு அண்ணாச்சி. கேட்டதும் கெடைக்கி. அதான் தூங்கல. ஆலைக்கு அனுப்பப்போறது பழைய மிஷின். இல்லாத நேரத்துல தூங்கும். தூங்கினா எழுப்ப ஆள் கெடையாது. மணி அடிக்காது."

"இல்லாத நேரத்துல பாத்துக்கிடுவோம்."

டம்ளரில் துப்பினார். விளிம்பில் வழிந்ததை விரலால் துடைத்தார். அந்த விரலால் உன் தோளைத் தட்டினார்.

அன்று மாலை நாம் சுலோசன முதலியார் பாலத்தில் நின்றோம். உனக்கு நினைவிருக்கும். இருக்காது. இறந்தவர்களுக்கு எழுதும்போது இந்தத் தடுமாற்றம் வந்துகொண்டே இருக்கிறது. பாலத்துக்குக் கீழே ஒரு சாக்கடை ஆற்றில் இறங்குகிறது. தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறம். சோப்பு நுரை. ஒரு பிளாஸ்டிக் பை நீரில் உப்பிக்கொண்டு நின்றது. அதற்குச் சற்றுக் கீழே ஒருவர் முங்கி எழுந்தார். மேற்கே பார்த்துக் கும்பிட்டார். இரண்டு கையாலும் அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்தார். பிறகு ஒரு கை அள்ளிக் குடித்தார்.

நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாய். "இன்னவரைக்கும் ஒண்ணும் ஆகலன்னு குடிக்காரு பாரு."

பிறகு, வெகுநேரம் கழித்து: "நடந்துச்சான்னு கேக்கக்கூடாது லே. நடக்க முடியுமான்னு கேக்கணும்."

அடுத்த வாரம் முழுவதும் நீ யாரோடும் பேசவில்லை. லினக்ஸ் கெர்னலின் மூல நிரல் முழுவதும் ஒரு பத்திரிகையோடு வந்த சிடியில் நம்மிடம் இருந்தது. நீ அதைத் திறந்து, நினைவகம் வழங்கும் இடத்தின் வாசலில் ஒரு சோதனையை வைத்தாய். மிகச் சிறியது. உள்ளே வருகிறவனிடம் ஒரே கேள்வி: நீ அழைப்பைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதா இங்கே வந்து, தூங்கவும் தயார் என்கிறாய்? ஆமாம் என்றால் அங்கேயே மிஷினை நிறுத்து. நினைவகம் கொட்டிக் கிடந்தாலும் நிறுத்து. இன்றைக்குத் தூங்கப் போவதில்லை என்றாலும் நிறுத்து. தூங்கிய பிறகு பிடிப்பதற்கு அங்கே யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.

நிறுத்தும்போது திரையில் ஒரு வாக்கியம் வரும்படி செய்தாய். ஆங்கில எழுத்தில் தமிழ். ஏலே, இங்கன தூங்கப்படாது. அந்தக் கெர்னலுக்கு முழி என்று பெயர் வைத்தாய்.

அண்ணாச்சியின் வரியையும் நீயே திருத்தினாய். வேண்டிய நினைவகத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டால், அழைப்பு வரும்போது யாரிடமும் போய் நிற்க வேண்டாம். திருத்தியதை ஒரு பிளாப்பியில் போட்டு அவர் கையில் கொடுத்தாய். முழியை ஆலை மிஷினில் ஏற்றினாய். எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு திறப்பு விழா.

ஆலையில் கம்ப்யூட்டருக்கென்று கண்ணாடி அறை கட்டியிருந்தார்கள். வாசலில் செருப்புகள். உள்ளே வாழைப்பழம், தேங்காய், மானிட்டருக்கு மாலை. ஐயர், ஆலை முதலாளி, முதலாளியின் சம்பந்தி, ஊர்ப் பெரியவர்கள். வெளியே வேகும் நெல்லின் வாடை. உள்ளே சூடமும் வியர்வையும். அந்த அறையில் நெற்றியில் திருநீறு இல்லாதவன் நீ ஒருவன்தான். அண்ணாச்சி பிளாப்பியைச் செருகினார். மணி அடித்தார்கள். தீபாராதனை காட்டும்போது கார்டு முதல்முறையாகக் கூப்பிட்டது.

திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் உன் வாக்கியம்.

ஆலை முதலாளி எழுத்துக் கூட்டிப் படித்தார். அவருக்குக் காது சிவந்தது. "யாரப் பாத்துவே ஏலேங்குது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அது சம்பந்தி.

நீ மட்டும் கேட்டாய். "அண்ணாச்சி, எந்த பிளாப்பியப் போட்டீங்க?"

"பூசையில வச்சிருந்தத."

அவருடைய பழைய நிரல். சரஸ்வதி பூசையிலிருந்து அவர் வீட்டுப் பூசை அறையில் சாமி படத்துக்குக் கீழே இருந்த பிளாப்பி. மேலே குங்குமத் தீற்றல்.

"நான் திருத்திக் குடுத்தது?"

"அதுக்குப் பூசை போடலையே வே. நல்ல காரியத்துக்கு எப்படிப் போட?"

பிறகு அவர் யாரையும் பார்க்காமல், மாலை போட்ட மானிட்டரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "சிலவங்க கை பட்டா இப்படித்தான்."

ஐயர் தரையைப் பார்த்தார். மற்றவர்கள் உன்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஈரத் துணியை முகத்தில் போட்டதுபோல் இருந்தது. நீ குனிந்து, செருப்புக் குவியலில் உன்னுடையதைத் தேடி எடுத்தாய். வேலை அங்கேயே போயிற்று.

பஸ்ஸில் நீ ஜன்னலோரம். வாழைத் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன.

"வேலை செஞ்சுச்சு லே," என்றாய்.

"உன்னையப் போகச் சொல்லிட்டாரு."

"அது வேற. நிப்பாட்டுச்சா இல்லையா?"

நிறுத்தியது. ஆனால் நாம் பஸ் ஏறிய பிறகு, அண்ணாச்சி அந்த மிஷினில் பழைய கெர்னலைக் கிளப்பினார். சோதனை இல்லாத கெர்னல். அது அண்ணாச்சியின் வரியை எதுவும் கேட்காமல் உள்ளே விட்டது. மணியும் பூவும் மறுபடி. ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் கேசரி சாப்பிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது பின்னால்.

நீ பெங்களூருக்குப் போவதாக இருந்தாய். அந்த மாதம் உங்கள் தெருக் குழாயில் வந்த தண்ணீரில் ஒரு வாடை. உங்கள் வீட்டில் நானே குடித்துப் பார்த்துத் துப்பினேன். உன் மாமா சிரித்தார். "இத்தன நாளா குடிக்கோம் தம்பி. என்ன ஆச்சு?" நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். உன் உம்மா அதைக் காய்ச்சித்தான் உனக்குக் கொடுத்தார்கள். ஆனால் தெருவில் வேறு இடங்களில் நீ டீ குடித்தாய், சர்பத் குடித்தாய். காமாலை. பச்சிலைச் சாறு. கண்ணில் விடும் மருந்து. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உன் விரல் நகங்கள்கூட மஞ்சள். உன் வாயில் வந்த வாடையை நான் மறக்க முயற்சி செய்ததில்லை.

பள்ளிவாசல் மையத்தாங்கரையில் மூன்று பிடி மண் போட்டேன். அண்ணாச்சி வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி. வெளியே காரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "நல்ல பையன். கொஞ்சம் அவசரக்காரன்."

நான் அவரிடமே வேலையில் இருந்தேன். மாதங்கள் போயின. ஒருநாள் ஆலையில் இருந்து போன். டிரையரில் ஒரு சுமை நெல் கரிந்துவிட்டது. அண்ணாச்சி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். புறப்படும் முன் உன் மேசை இழுப்பறையைத் திறந்தேன். திருத்திய நிரலின் இன்னொரு பிளாப்பி அங்கேயே கிடந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஏரல் சாலையில் திரும்பியபோதே வாடை வந்துவிட்டது. கரிந்த நெல்லுக்கு நல்ல வாடை கிடையாது. பால் அடிப்பிடித்ததும் முடி பொசுங்கியதும் சேர்ந்தது போன்ற ஒன்று. தொண்டைக்குள் போய்ப் படிந்தது.

டிரையரைப் பார்த்துக்கொள்கிற சுடலை வெளியே நின்றார். என் அப்பா வயது. கையில் துண்டு. ஆலை முதலாளி அவரைக் காட்டி, "தூங்கிட்டான்," என்றார். "மணி அடிச்சிருக்கும். இவன் உமிக் குவியல்ல படுத்துத் தூங்கிட்டான். இன்னையோட நிப்பாட்டிட்டேன்."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார். வெற்றிலை வாடை காதுக்குள் வந்தது.

"அது அப்படியே இருக்கட்டும். நீ ஒண்ணும் பேசாத. மேற்கொண்டு கேட்டான்னா, நம்ம செத்துப்போன தம்பி எழுதுனதுன்னு சொல்லிக்கிடுவோம். அவன யாரு போயிக் கேக்க?"

என் கையை அவர் இன்னும் விடவில்லை. நான் பிடுங்கிக்கொண்டேன். பான்ட்டில் துடைத்தேன். அவர் பார்க்கத்தான் துடைத்தேன்.

சுடலையிடம் போனேன். "என்ன நடந்துச்சு?"

"நான் தூங்கல தம்பி. கண்ணாடி வழியா பாத்துக்கிட்டேதான் இருந்தேன். உள்ள போணும்னா செருப்பக் கழட்டணும், காலெல்லாம் உமிக் கரி, திட்டுவாங்க. அதான் வெளிய நின்னே பாப்பேன். திரையில சூடு அறுபத்திரண்டுன்னு இருந்துச்சு. ஒரு சுத்து சுத்திட்டு வந்து பாத்தேன். அறுபத்திரண்டு. பொறவும் வந்து பாத்தேன். அறுபத்திரண்டுலயே நின்னுச்சு. நல்லாத்தான இருக்குன்னு நெனச்சேன். வாடை வந்த பொறவுதான்..."

"கேட்டியளா," என்றார் முதலாளி. "பொய் சொல்லக்கூடத் தெரியல. அது என்னைக்குவே ஒரே நம்பர்ல நின்னுருக்கு?"

அவர் சொன்னது சரி. அது ஒரே எண்ணில் நிற்காது. ஏறும், இறங்கும், ஆடிக்கொண்டே இருக்கும். பொய் சொல்கிறவன் ஆடியது என்றுதான் சொல்வான். தினமும் பார்ப்பதைச் சொல்வான். நின்றது என்று சொல்ல ஒருவன் அந்த நேரத்தில் அங்கே நின்று, கண்ணைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். கரிந்த பிறகு யாரோ மிஷினை அணைத்துப் போட்டிருந்தார்கள். மிஷின் உறைந்தால்தான் எண் நிற்கும்; நின்ற எண்ணைப் பார்த்த ஒரே மனிதர் இவர்.

தூங்கியது இவர் அல்ல. அண்ணாச்சியின் வரி.

செருப்போடு உள்ளே போனேன். அண்ணாச்சி, "ஏலே, செருப்பு," என்றார். மிஷினை மறுபடி கிளப்பினேன். எந்தக் கெர்னல் வேண்டும் என்று ஆரம்பத்தில் கேட்கும் அல்லவா. பட்டியலில் முழி இருந்தது. அதை அழிக்க அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. அதைக் கிளப்பினேன். கார்டு கூப்பிட்டது.

திரை கறுத்தது. ஏலே, இங்கன தூங்கப்படாது.

நீ அங்கே இருந்தாய் என்றெல்லாம் எழுத மாட்டேன். நீ இல்லை. வாக்கியம் இருந்தது.

"அதே கூறுகெட்ட எழவுதான்," என்றார் அண்ணாச்சி. "அன்னைக்கும் இதத்தான செஞ்சான்."

ஆலை முதலாளி குனிந்து, மறுபடி எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "இப்ப எதுக்கு நிக்கி? அடுப்பே மூட்டலையே. ஒண்ணும் ஆகலையே."

"ஆகல. ஆகுறதுக்கு முன்னாலயே நிக்குது. இத எடுத்துட்டு ஓட்டினதாலதான் மிஷினு அது பாட்டுக்குத் தூங்கிருக்கு. நம்பர் அறுபத்திரண்டுலயே நின்னுருக்கு. மணி அடிக்கல."

உன் பிளாப்பியைச் செருகினேன். பூசை போடாதது. மறுபடி கிளப்பினேன். இந்த முறையும் முழிதான்; வாக்கியம் வரவில்லை. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. முப்பத்தொன்று. கண்ணாடிக்கு வெளியே சுடலை நின்று பார்த்தார்.

"இப்படித்தான்யா ஆடும்," என்றார்.

ஆலை முதலாளி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி துப்புவதற்கு இடம் தேடினார். முதலாளி வெளியே சுடலையிடம் வந்தார்.

"சரி லே. நாளைக்கு வேலைக்கு வா."

சுடலை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"இனிமே தூங்காத," என்றார் முதலாளி.

"சரி மொதலாளி."

எனக்கு வாந்தி வந்தது. நிஜமாகவே. உமிக் குவியலுக்குப் பின்னால் போய் எடுத்தேன். சுடலை ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வாய் கொப்பளித்தேன். குடிக்கவில்லை.

"ஏலேன்னு எழுதுனது யாரு தம்பி?"

"என் சேக்காளி. இப்ப இல்ல."

"ரொம்பக் கோவக்காரரோ?"

"ஆமா."

"எழுத்து அப்படித்தான் இருக்கு," என்றார். அவருக்கு எண்கள் தெரியும், எழுத்து படிக்கத் தெரியாது. முதலாளி வாசித்ததைக் கேட்டுச் சொன்னார்.

அண்ணாச்சியின் காரில் நான் திரும்பவில்லை. பஸ்ஸில் வந்தேன். அந்த வாரமே வேலையை விட்டேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. அண்ணாச்சி இன்னும் மானிட்டர்களுக்குச் சந்தனம் வைக்கிறார். ஆலையில் நீ திருத்திய நிரல் ஓடுகிறது, அவர் பெயரில். அவரைக் கேட்டால், ஒன்றும் ஆகவில்லையே என்பார்.

எனக்குத் துக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது இதுதான். இந்தக் குமட்டல். யாராவது, இன்னவரைக்கும் ஒண்ணும் ஆகல, என்று சொன்னால் எனக்குள் எதுவோ நிற்கிறது. நடந்துகொண்டிருக்கும் பேச்சு நிற்கிறது. கை நிற்கிறது. நீ எனக்குள்ளும் ஒரு வாசலில் அதை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

இங்கேயும் நான் கட்டும் ஒவ்வொரு கெர்னலிலும் உன் சோதனையை வைக்கிறேன். உன் வாக்கியத்தோடு. நேற்று அது நின்றது. நான் எழுதிய நிரலில்தான். அவசரத்தில் நானும் அதே போல் ஒரு வரி எழுதியிருந்தேன். மேலாளர் மதுரைக்காரர், சாதுவான மனிதர். ஈரக் கம்பளத்தில் வெறுங்காலோடு வந்து என் பின்னால் நின்று திரையைப் படித்தார்.

"என்னங்க இது? யாரைச் சொல்லுது?"

"என்னைத்தான் சார்," என்றேன்.